ஹேட்செட் மீன்களுக்காக ஒரு தொட்டியை மாற்றியமைத்த கதை

மார்பிள் ஹேட்செட் மீன்கள் வளர்க்க ஒரு பழைய தொட்டியை மாற்றியமைத்தேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன் என்பதை விவரமாக எழுதி வைக்கிறேன். வேலையில் பாதி மூடிக்கே போனது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரின் மேல் ஐந்தாறு சென்டிமீட்டருக்குப் போனது. மற்ற தொட்டிகளில் மணலுக்கும் கட்டைக்கும் அடியில் நடும் செடிக்கும் மெனக்கெடுவோம். இந்த மீனுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம்தான். அது பகல் முழுவதும் நீர்ப்பரப்பை ஒட்டியே நிற்கும். அங்கேதான் சாப்பிடும், அங்கேதான் பயப்படும். அந்த மேலடுக்கு சரியாக அமைந்தால் ஆண்டுக்கணக்கில் நன்றாக இருக்கிற மீன் இது. அமையாவிட்டால் ஒவ்வொன்றாகத் தரையில் காய்ந்து கிடக்கும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம். அறிவியல் பெயர் கார்னெகியெல்லா ஸ்ட்ரைகேட்டா. 1864இல் குந்தர் விவரித்த இனம். அமேசான், கயானா பகுதிகளில் காட்டுக்குள் ஓடும் நிழலான சிற்றோடைகள் அதன் இடம். முழு வளர்ச்சியில் மூன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வரும். இதன் உறவான வெள்ளி ஹேட்செட், அதாவது காஸ்டெரோபெலெகஸ் ஸ்டெர்னிக்லா, இதைவிடச் சற்றுப் பெரிதாக வளரும். முதுகு ஏறக்குறைய நேர்கோடாக இருக்கும், வயிறு அரைவட்டமாகப் புடைத்திருக்கும், வாய் மேலே பார்த்துத் திறக்கும். அந்தப் புடைப்பு குடல் இருக்கும் வயிறு என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது அகன்ற தோள்வளைய எலும்பும், மார்புத் துடுப்புகளை இயக்கும் பெரிய தசைகளும். கீழிருந்து ஒரு பெரிய மீன் பாய்ந்தால் இது துடுப்புகளை ஓங்கி அடித்து நீரை விட்டு எழும்பி, சற்றுத் தள்ளிப் போய் விழும். ஓடையில் விழுவது தண்ணீரில்தான். தொட்டியில் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் அகலமாகத் தெரியும் இந்த மீனை முன்னாலிருந்து பார்த்தால் அரை சென்டிமீட்டர் பருமன்தான். மூடி இருக்கிறது, பின்னால் ஒயர் போக ஒரு விரல் அகல இடைவெளி மட்டும்தான் என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. அந்த ஒரு விரல் அகலத்தில் இரண்டு மீன் தாராளமாகப் போகும்.

தொட்டியின் உள்ளளவு நீளம் 90, அகலம் 40, உயரம் 40 சென்டிமீட்டர். மேல்மட்ட மீனுக்கு லிட்டர் கணக்கைவிட நீர்ப்பரப்பின் அளவுதான் முக்கியம் என்பது என் கருத்து. உயரமான குறுகிய தொட்டியில் அதே அளவு தண்ணீர் இருந்தாலும் கூட்டம் நிற்க இடம் இருக்காது. விளிம்பிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் கீழே, நடுவில் குறுக்காக எட்டு சென்டிமீட்டர் அகலக் கண்ணாடிப் பட்டை ஒன்று முன்பே ஒட்டியிருந்தது. மூடியை அதன்மேல் உட்காரவைக்கத் திட்டமிட்டேன். அதற்கும் ஆறு சென்டிமீட்டர் கீழேதான் தண்ணீர் மட்டம். மணலைக் கழித்தால் நூறு லிட்டர் சொச்சம் தேறும். மட்டத்தை இப்படி இறக்கியதால் மீன் துள்ளினாலும் கண்ணாடியில் அறைவது குறைகிறது, மிதக்கும் செடிகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. தண்ணீர் கொஞ்சம் குறைகிறதே என்று வருத்தப்பட வேண்டாம்.

மூடிக்கு எந்தப் பொருள் என்பதில் நிறைய யோசித்தேன். அக்ரிலிக் இலேசானது, அறுப்பதும் சுலபம். ஆனால் அதன் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேல்பக்கம் காய்ந்தே இருக்கும். கொஞ்ச நாளில் தகடு வளைந்து மூலைகள் மேலே தூக்கிக்கொள்ளும். மற்ற மீன்களுக்கு அது பார்வைக்குறைவு மட்டும்தான், ஹேட்செட்டுக்கு அது திறந்த கதவு. உள்ளே அறைகள் கொண்ட இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு வளையாது, கத்தியாலேயே வெட்டலாம். அந்த அறைகளுக்குள் ஈரம் புகுந்து பாசி பிடித்தால் சுத்தம் செய்வது பெரும்பாடு, வெளிச்சமும் மங்கும். கடைசியில் நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி என்று முடிவு செய்தேன். கனமானது என்பதே இங்கே நல்ல குணம். மீன் மோதித் தூக்கிவிட முடியாது.

ஒரே பெரிய கண்ணாடியாக இல்லாமல் இடம், வலம் என்று இரண்டாக வெட்டவைத்தேன். ஒவ்வொன்றும் 33 சென்டிமீட்டர் அகலம், எடை ஒன்றரைக் கிலோ அளவு. ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிய தாங்கியிலும் மறுபக்கம் நடுப்பட்டையிலும் உட்காரும். கை விட வேண்டுமென்றால் ஒரு பாதியை மட்டும் தூக்கினால் போதும், மீன்கள் மறுபாதிக்குக் கீழே ஒதுங்கிக்கொள்ளும். கீல் வைத்த மூடிகளில் இந்த வசதி கிடையாது. கீல் காலப்போக்கில் இறுகி விரிசலும் விடும்.

தாங்கிகள் என்பது விரல் அகலக் கண்ணாடித் துண்டுகள்தான். இரண்டு பக்கச் சுவர்களிலும் முன்சுவரிலும் நடுப்பட்டையின் அதே உயரத்தில் சிலிக்கானால் ஒட்டினேன். பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்க்காத, காயும்போது வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கான்தான் மீனுக்கு ஏற்றது. குளியலறைக்கென்று விற்பதில் பெரும்பாலும் பூஞ்சைத் தடுப்பு மருந்து இருக்கும், அதைத் தொட வேண்டாம். புதிய சிலிக்கான் பழைய சிலிக்கான்மேல் சரியாகப் பிடிக்காது. அதனால் ஒட்டும் இடத்தில் பிளேடால் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வெறும் கண்ணாடி தெரிந்த பிறகே ஒட்டினேன். வாடை முழுதும் போகும்வரை தண்ணீர் காட்டவில்லை. வெட்டிய கண்ணாடியின் கூர்மையான ஓரங்களைத் தண்ணீரில் நனைத்தபடி உப்புத்தாளால் தேய்த்து மழுக்கினேன். நனைத்துத் தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்காது. கையுறை கட்டாயம்.

பின்பக்கம் மீதியிருக்கும் ஏழு சென்டிமீட்டர்தான் உண்மையான சவால். ஹீட்டர் ஒயர், ஏர் ட்யூப், வெப்பமானி ஒயர் எல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே கண்ணாடிக்குப் பதிலாக ஐந்து மில்லிமீட்டர் பி.வி.சி. தகட்டை இரண்டு துண்டாக வெட்டி வைத்தேன். ஒயர்கள் வரும் இடத்தில் தாராளமாக ஒரு பள்ளம் அறுத்து, அந்தப் பள்ளத்தைச் சொரசொரப்பான ஃபில்டர் ஸ்பாஞ்ச் துண்டால் அடைத்தேன். ஸ்பாஞ்சில் ஒரு கீறல் போட்டால் ஒயர் அதற்குள் போய்விடும், சுற்றி இடைவெளியே இருக்காது. ஒயரை மாற்ற வேண்டியிருந்தால் ஸ்பாஞ்சைப் பிடுங்கிவிட்டு மாற்றலாம். தகட்டின் இரு முனைகளிலும் காற்றோட்டத்துக்காகச் சதுரமாக வெட்டி, மூன்று மில்லிமீட்டர் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை ஒட்டினேன். வலை இல்லாமலும் ஆக்சிஜன் போதும், மூடி காற்றுப்புகாத டப்பா ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடியின் அடியில் நீர்த்துளி கோர்ப்பது இந்த வலையால் நன்றாகவே குறைந்தது.

முன்மூலையில் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே சின்ன முக்கோணமாக ஒரு பி.வி.சி. துண்டு. அதில் 25 மில்லிமீட்டர் துளை, துளைக்கு ஒரு தக்கை. தினசரி உணவு முழுவதும் அதன் வழியாகத்தான். மூடியைத் திறக்கும் நேரம்தான் மீன் துள்ள வாய்ப்பு அதிகம். அதுவும் உணவு வேளையில் அவை பரபரப்பாக மேலே கூடியிருக்கும். துளை வழியாகப் போட்டால் அந்தக் கணமே வராது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இந்தத் துளைதான். ஹேட்செட் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன்.

எல்லாம் பொருத்தியதும் இரண்டு சோதனைகள். அறையை இருட்டாக்கி, தொட்டிக்குள் டார்ச்சை எரியவிட்டு, எங்கெல்லாம் வெளிச்சம் கோடாகக் கசிகிறது என்று பார்த்தேன். கசியும் ஒவ்வொரு இடத்திலும் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு குச்சியை நுழைத்துப் பார்த்தேன். குச்சி போனால் மீனும் போகும். நடுப்பட்டையின் பின்முனையில் அப்படி ஓர் இடம் இருந்தது, ஸ்பாஞ்ச் துண்டால் அடைத்தாயிற்று.

அப்புறம் தண்ணீர் ஓட்டம். மேற்பரப்பு அமைதியாக இருக்க வேண்டும், ஆனால் தேங்கியும் நிற்கக்கூடாது. முன்பு இருந்த பவர் ஃபில்டர் தண்ணீரை மேலிருந்து கொட்டும் வகை. அதை எடுத்துவிட்டு, பின்மூலையில் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றை ஏர் பம்பில் ஓடவிட்டேன். குமிழி வரும் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒட்டினாற்போல் வைத்து, பக்கச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். ஓட்டத்தை அளக்க சால்வினியா என்ற மிதவைச் செடியின் ஓர் இலையைக் கிள்ளி மூலையில் போட்டுப் பார்த்தால் போதும். ஃபில்டர் மூலையில் மெதுவாக நகர்ந்து, நடுவைத் தாண்டியதும் நின்றுவிட்டால் சரி. தொட்டி முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தால் காற்றைக் குறைக்க வேண்டும். மீன்கள் இந்த இரண்டு பகுதிகளையும் பயன்படுத்துவதை இப்போது பார்க்கிறேன். பசியோடு இருக்கும்போது மெல்லிய ஓட்டத்தில் முகம் வைத்து வரிசையாக நிற்கின்றன, மற்ற நேரங்களில் அசையாத பக்கத்தில்.

அசையாத நீர்ப்பரப்பில் ஒரு சிக்கல் உண்டு. உணவின் எண்ணெயும் புரதமும் சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலமாகப் பரவும். சாய்வாகப் பார்த்தால் வானவில் நிறத்தில் மினுங்கும். காற்றுக்கும் நீருக்கும் இடையே ஆக்சிஜன் பரிமாறுவதை அது தடுக்கும். மேலேயே வாழும் மீனுக்கு அது நேரடிப் பிரச்சினை. ஸ்கிம்மர் என்ற பரப்பு உறிஞ்சியை இங்கே மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அது உணவையும் இழுக்கும், சின்ன மீனையும் இழுக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குமிழிகள் உடையும் மூலையில் படலம் தானாகவே கலைகிறது. மீறிச் சேர்ந்தால் அச்சில்லாத டிஷ்யூ தாளை நீர்மேல் விரித்து, ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்து எடுத்தால் படலம் அதோடு வந்துவிடும்.

மிதவைச் செடி இல்லாமல் இந்த மீனை வைக்கவே கூடாது என்பேன். தலைக்கு மேல் எதுவுமில்லாத வெளிச்சமான பரப்பில் நிற்கும் ஹேட்செட் ஓயாமல் பதறிக்கொண்டே இருக்கும். நான் தேர்ந்தெடுத்தது சால்வினியா. அதன் இலைமேல் உள்ள நுண்ணிய மயிர்கள் நீரை ஒட்டவிடாது, அதனால் மூடியிலிருந்து சொட்டும் துளிகளால் அழுகுவதில்லை. ஆகாயத்தாமரையின் வேர்கள் அழகாகத் தொங்கும், ஆனால் மூடிக்கும் நீருக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர் அதற்குப் போதாது, கண்ணாடியில் முட்டிய இலைகள் பழுத்துவிடும். வேர்த்தொங்கல் வேண்டுமென்றால் நீர்ப்பன்னம் எனப்படும் செரட்டோப்டெரிஸை மிதக்கவிடலாம். நான் ஒரு மூலையில் விட்டிருக்கிறேன்.

செடி பரப்பில் முக்கால் பங்கை மூடட்டும், உணவு விழும் இடம் மட்டும் திறந்திருக்க வேண்டும். அதற்கு ஏர் ட்யூபில் 63 சென்டிமீட்டர் வெட்டி, இரு முனைகளையும் ஒரு இணைப்பானில் செருகினால் இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம் கிடைக்கும். உள்ளே அடைபட்ட காற்றால் தானே மிதக்கும். அதை உணவுத் துளைக்கு நேர் கீழே, ஒரு சக்ஷன் கப்பில் நூல் கட்டி நிறுத்தினேன். செடி அதற்குள் வராது, போட்ட உணவு வெளியே பரவாது. வெளிச்சமும் அந்த வட்டம் வழியாக மட்டும் இறங்குவதால் தொட்டி பார்க்கவும் நன்றாக இருக்கிறது. கூடவே நாட்டு வாதுமையின் காய்ந்த இலைகள் சில. தண்ணீர் தேநீர் நிறமாகிப் பளபளப்பு அடங்குகிறது, மீன்களின் பளிங்குக் கோடுகளும் கருமையாக எழும்புகின்றன.

விளக்கு விஷயத்தில் ஒரே ஒரு விதி: திடீரென்று எரியக்கூடாது. இருட்டில் இருக்கும் ஹேட்செட் கூட்டத்தின் மேல் சட்டென்று வெளிச்சம் விழுந்தால் எல்லாமே ஒன்றாக எழும்பும். டைமரோடு மெல்லக் கூடிக்குறையும் எல்.ஈ.டி. விளக்கு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் முதலில் அறை விளக்கு, கொஞ்சம் பொறுத்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தலைகீழ் வரிசை.

மீன் வருவதற்கு முன் தொட்டி முழுச் சுழற்சி முடித்திருக்க வேண்டும், அதாவது அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். வெப்பம் 26 டிகிரி, பி.எச். ஆறுக்கும் ஏழுக்கும் இடையில், தண்ணீர் மென்மையானது. ஹேட்செட்டுகள் பெரும்பாலும் ஆற்றிலிருந்து பிடித்து அனுப்பப்படுபவை. வந்து சேரும்போது மெலிந்து, வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தயாராக இருக்கும். அதனால் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். அந்தத் தனித்தொட்டிக்கும் இதே அளவு நெருக்கமான மூடி வேண்டும். புது இடத்தில்தான் இவை அதிகம் துள்ளும். வெள்ளைப்புள்ளி வந்தால், உடலில் தெரியும் புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டாது. அது உதிர்ந்து, அடியில் பெருகி, நீந்தி வெளியே வரும் கட்டத்தில்தான் மருந்துக்குச் சாகும். புள்ளிகள் மறைந்தவுடன் மருந்தை நிறுத்தினால் திரும்ப வருவது அதனால்தான்.

நான் விட்டது பன்னிரண்டு மீன்கள். ஆறுக்குக் கீழே வைத்தால் கூட்டமாக நிற்காது, தனித்தனியாக மூலையில் ஒளியும். பெரிய கூட்டமாக இருக்கும்போதுதான் அவற்றின் இயல்பான நடத்தையைப் பார்க்க முடிகிறது.

உணவு பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இந்த மீன் மேலே மிதப்பதையும் மேலடுக்கில் அசைவதையும் மட்டுமே தின்னும். கொஞ்சம் கீழே இறங்கிவிட்ட துகளை அநேகமாகத் திரும்பிப் பார்க்காது. செதில் உணவைப் பொடியாக நுணுக்கி வளையத்துக்குள் தூவினால் சில நிமிடம் மிதக்கும், அதற்குள் தின்றுவிடும். ஆனால் உலர் உணவு மட்டும் கொடுத்தால் நெஞ்சுப் பகுதி ஒட்டிக்கொண்டே போகும். பக்கவாட்டில் பார்த்து அந்த வளைவு முழுமையாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நான் நம்பும் உடல்நலச் சோதனை.

சிறந்த உணவு கொசுப்புழு. மூச்சுவிட மேலே வந்து தொங்குவது அதன் இயல்பு, ஹேட்செட் நிற்பதும் அங்கேதான். புழு வளர்க்கும் வாளியைத் தினமும் வடிகட்டிக் காலி செய்ய முடிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். வெப்பமான காலத்தில் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் போதும். வாளியின் வாயை நெருக்கமான வலையால் மூடி வைப்பதும் அவசியம்.

அடுத்தது பழ ஈ. பறக்க முடியாத ட்ரோசோஃபிலா ரகத்தின் ஒரு குப்பியை வாங்கினால், அதிலிருந்து நாமே தொடர்ந்து வளர்க்கலாம். மசித்த வாழைப்பழம், ஓட்ஸ் பொடி, ஒரு சிட்டிகை ஈஸ்ட், பூஞ்சை வராமலிருக்கக் கொஞ்சம் வினிகர். இதைக் குப்பியின் அடியில் போட்டு, ஈக்கள் ஏறி நிற்க மடித்த காகிதம் வைத்து, வாயைத் துணியால் கட்டினால் இரண்டு வாரத்தில் அடுத்த தலைமுறை தயார். காட்டு ஈ ஒன்று உள்ளே புகுந்தால் குப்பியே வீண். சிறகுக் குறைபாடு ஒடுங்கு பண்பு, அதாவது தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும், அதனால் கலப்பில் பிறக்கும் ஈக்கள் எல்லாம் பறக்கும். சிறகு குறுகிய ரகத்தை மிகவும் சூடான இடத்தில் வைத்தாலும் சிறகு நீள ஆரம்பிக்கும். கொடுக்கும்போது குப்பியை லேசாகத் தட்டி, காகிதப் புனல் வழியாக உணவுத் துளையில் கொட்டுகிறேன். நீர்மேல் விழுந்த ஈ கால்களை உதைத்தபடி ஓடும். பன்னிரண்டு மீன்களும் ஒரே நேரத்தில் கீழிருந்து அதை நோக்கித் திரும்பும் காட்சிக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம்.

மூன்றாவது, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் அன்று பொரித்த குஞ்சுகள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் உப்பு, அடியிலிருந்து காற்று, 26 முதல் 28 டிகிரி வெப்பம் இருந்தால் ஒரு நாளில் பொரியும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போட வேண்டும். வழக்கமாக இவை நீரில் பரவிக் கீழே போய்விடும், மேல்மட்ட மீனுக்கு வீண் என்பார்கள். ஆனால் ஆர்ட்டீமியா குஞ்சு வெளிச்சத்தை நோக்கி நீந்தும். தொட்டி விளக்கை மங்கவைத்து, வளையத்துக்கு மேல் ஒரு சின்ன விளக்கை வைத்தால் ஆரஞ்சு மேகமாக மேலே திரண்டு நிற்கின்றன.

கூட்டாளி மீன்களைத் தேர்வு செய்வது சுலபம். அடியில் கோரிடோராஸ், நடுவில் எம்பர் டெட்ரா. மேலே வேறு யாரும் வேண்டாம். மேல்மட்ட மீன் என்றாலே ஒத்துப்போகும் என்று நினைத்து ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி மீனையோ அப்லோகைலஸ் லினியேட்டஸ் என்ற பெரிய கில்லி மீனையோ சேர்த்தால், சின்ன ஹேட்செட்டுகள் அவற்றின் வாய்க்குள் போகலாம். இந்த மூடியும் அமைப்பும் அந்த மீன்களுக்கும் அப்படியே பொருந்தும், ஆனால் தனித் தொட்டியில். மூன்று, நான்கு சென்டிமீட்டரில் நிற்கும் எபிப்ளாட்டிஸ் அன்யூலேட்டஸ் மாதிரிச் சின்னக் கில்லிகளுக்கு இதைவிடச் சிறிய தொட்டியே போதும். மூடியின் நெருக்கத்தில் மட்டும் சலுகை கிடையாது.

பராமரிப்பில் வாராவாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன். புதுத் தண்ணீர் மேலிருந்து கொட்டாமல், ட்யூபின் முனையை ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குப் பின்னால் அமிழ்த்தி மெதுவாக விடுகிறேன். ஹீட்டரை அடியில் படுக்கை வாக்கில் வைத்திருப்பதால் மட்டம் இறங்கினாலும் அது வெளியே தெரியாது. இருந்தாலும் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். சால்வினியா வேகமாகப் பெருகும், ஒவ்வொரு முறையும் இரண்டு கைப்பிடி அள்ளி எடுத்து உரக்குழியில் போட வேண்டும். ஓடையிலோ குளத்திலோ விடக்கூடாது, அங்கே அது நீர்ப்பரப்பையே மூடிவிடும். பின்பக்க ஸ்பாஞ்ச் அடைப்புகளில் தெறிக்கும் நீரின் உப்புப் படிந்து கடினமாகிச் சுருங்கும். அதனால் தண்ணீர் மாற்றும் நாளில் அவற்றையும் கழற்றி அலசுகிறேன். ஒயரைச் சுற்றி இறுக்கம் குறைந்ததை உடனே மாற்றிவிடுகிறேன். மாற்றுவதற்கென்று அதே அளவில் வெட்டிய துண்டுகள் நாலைந்து தொட்டிக்குக் கீழே அலமாரியில் எப்போதும் இருக்கும்.